படைப்பதிவேடும் குடிவழியும்: கீழ்க்கரைக் குடும்ப வரலாற்றுக்கான மூலங்கள் பற்றிய ஒரு நோக்கு

1

குடும்ப வரலாறு நமது ஆய்வுலகில் நீண்டகாலமாக மதிப்புப் பெறாத துறையாகவே இருந்து வந்துள்ளது. குலப்பெருமை பேசுவோரின் பொழுதுபோக்கு என்று வரலாற்றாசிரியர் அதனை ஒதுக்கினர். பரம்பரைக் கதை எழுதுவித்தோர் பெரும்பாலும் நிலவுடைமையாளரும் உத்தியோகத்தரும் ஆதலின், அவ்வொதுக்கலில் நியாயமும் இல்லாமலில்லை. முதலியாருக்கும் வன்னியருக்கும் போடியாருக்கும் உறுதிகளும் பட்டயங்களும் இருந்தன. அவர்தம் வயலில் ஏர் பிடித்தவனுக்கு அவை இல்லை. எனவே குடும்ப வரலாறு எனப்பட்டது உடைமையின் வரலாறாகவே அமைந்தது.

ஆயினும், உடைமையற்ற ஒருவனது பெயரையும் ஆளுவோர் சில வேளைகளில் எழுதி வைத்தனர். அவன் வரி செலுத்தவேண்டியபோது எழுதினர். குற்றவாளிக் கூண்டில் நின்றபோது எழுதினர். மருத்துவமனையில் இறந்தபோது எழுதினர். இவை யாவற்றிலும் விரிவாக எழுதியது அவன் படையிற் சேர்ந்தபோதேயாகும். அவனுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டியிருந்தது. உடையும் உணவும் கொடுக்கவேண்டியிருந்தது. அவன் ஓடிப்போனால் அடையாளங்கண்டு பிடிக்கவேண்டியிருந்தது. முதுமையில் அவனுக்கு ஓய்வூதியம் உண்டா இல்லையா என்று தீர்மானிக்கவேண்டியிருந்தது. இத்தேவைகளே ஏழை மனிதனொருவனின் உயரத்தையும் நிறத்தையும் பிறந்த ஊரையும் முன்னைய தொழிலையும் தாளில் ஏற்றின. அன்புக்காகவோ மதிப்புக்காகவோ எழுதப்படாத இப்பதிவேடுகள், இன்று அவனது பேரப்பிள்ளைகளுக்கு எஞ்சியிருக்கும் ஒரே எழுத்துச் சான்றாக அமைந்துவிடுவதுண்டு.

கல்முனைக்கு வடக்கே, மட்டக்களப்பு மாவட்டமும் அம்பாறை மாவட்டமும் சந்திக்கும் எல்லையில் அமைந்துள்ளது பெரியநீலாவணை. கவிஞர் நீலாவணனின் ஊராக இலக்கிய வாசகர் அறிந்த இக்கிராமமும், அதனையடுத்துள்ள மருதமுனை, பாண்டிருப்பு முதலிய ஊர்களும் தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் கரையோரத் தொடரின் பகுதிகளாகும். இத்தகைய ஊரொன்றிலே, ‘பட்டாளத்துக்குப் போனவர்’ என்று மட்டும் நினைவுகூரப்படும் ஒரு மூதாதையைத் தேட முற்படும் குடும்பம் எவ்வெவ் மூலங்களை நாடலாம், அம்மூலங்கள் எதைச் சொல்லும், எதைச் சொல்லா என்பனவே இக்கட்டுரையின் பொருள். படைப்பதிவேடு தனிமனிதனின் பெயரைக் காக்கிறது, ஆனால் அவனது உறவை இழந்துவிடுகிறது. கீழ்க்கரையின் குடிமரபு உறவைக் காக்கிறது, ஆனால் தனிமனிதனின் பெயரை இழந்துவிடுகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே வாசித்தாலன்றி உழைக்கும் மக்களின் குடும்ப வரலாறு எழுதப்பட முடியாது என்பதே இங்கு வலியுறுத்தப்படும் கருத்தாகும்.

2

முதலில் ஆவணங்களின் தன்மையை நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரித்தானியப் படைவீரனொருவன் பற்றிப் பொதுவாக மூவகைப் பதிவுகள் எஞ்சியுள்ளன. முதலாவது, படையணியின் ஆட்பட்டியலும் சம்பளப்பட்டியலும். குறிப்பிட்ட காலத்தில் எவன் காவலில் நின்றான், எவன் மருத்துவமனையிற் கிடந்தான், எவன் சிறையிலிருந்தான், எவனுக்கு எத்தனை நாட் சம்பளம் என்பன இதிற் காணப்படும். இரண்டாவது, அங்க அடையாளங்களைக் குறிக்கும் விவரணப் புத்தகம். மூன்றாவது, சேவையிலிருந்து நீங்கும்போது எழுதப்படும் விலகற்பத்திரம். சேர்ந்த வயது, சேவையாற்றிய ஆண்டுகள், நன்னடத்தை, விலகியதற்கான காரணம் ஆகியன இதில் இடம்பெறும். முடிவிற் கையொப்பமோ கைநாட்டோ இருக்கும். இவை இலண்டனையடுத்த கியூவிலுள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக்காப்பகத்தில் யுத்த அலுவலகப் பத்திரங்களாகப் பேணப்படுகின்றன. இலங்கையில் அமைக்கப்பட்ட படையணிகளின் பத்திரங்களும் அவற்றுட் சேர்ந்துள்ளன.

இப்பதிவுகளின் சமூக வரலாற்றுப் பெறுமதியை மிகைப்படுத்திக் கூறல் கடினம். இலங்கையில் பிறப்பு இறப்புகளின் பொதுவான குடிசார் பதிவு 1867ஆம் ஆண்டின் பின்னரே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் பிறந்த, கிறித்தவத் தேவாலயத்தோடு தொடர்பற்ற ஒருவனது பிறந்த ஊரையும் ஏறத்தாழவான வயதையும் கூறக்கூடிய பத்திரம் பெரும்பாலும் இல்லை. படைப்பத்திரம் அக்குறையை ஓரளவு நிரப்புகிறது.

ஆனால் பதிவின் ஆழம் எப்போதும் வர்க்கத்தையும் இனத்தையும் பொறுத்தே அமைந்தது என்பதை மறத்தலாகாது. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கொம்பனியின் சான்று இதனைத் தெளிவாக்கும். நெதர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறியோரின் சம்பளப் புத்தகங்கள் ஹேக் நகரிற் பேணப்படுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டுக்குரிய ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் அவற்றிலிருந்து தொகுக்கப்பட்டுள்ளன. ஆம்ஸ்டர்டாமில் சேர்ந்து கொழும்பில் இறந்த ஓர் எளிய ஐரோப்பியச் சிப்பாயின் ஊரையும் கப்பலையும் முடிவையும் இன்று சில நிமிடங்களிற் கண்டறியலாம். அவனுக்குப் பக்கத்தில் நின்று போரிட்ட ஜாவாக்காரனும் இலஸ்கறீனும் ஆசியாவிலேயே சேர்க்கப்பட்டோர் ஆதலின், அப்புத்தகங்களில் அவர்களுக்கு இடமில்லை. இலஸ்கறீன்களது பெயர் தோம்பிலே வருமாயின், அது அவன் படைவீரன் என்பதற்காக அன்று. அவன் அனுபவித்த காணிக்கு எத்தகைய ஊழியம் கடன் என்பதைக் குறிப்பதற்காகவே வந்தது.

முதலாம் உலகப்போரின் பின்னரும் இந்நிலை மாறவில்லை. ஈராக்கிலுள்ள பஸ்ரா நினைவுச்சின்னத்திலே பிரித்தானியப் படையினரின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. இந்தியச் சாதாரணப் படையினர் படையணிவாரியான எண்ணிக்கையாக மட்டுமே அங்குக் குறிக்கப்பட்டனர். பொதுநலவாய யுத்தக் கல்லறைகள் ஆணைக்குழு 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், ஆசியாவையும் ஆபிரிக்காவையும் சேர்ந்த 45,000 முதல் 54,000 வரையிலான இறந்தோர் சமத்துவமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேரும், ஒருவேளை 3,50,000 பேர் வரையிலும், பெயர் குறித்து நினைவுகூரப்படவேயில்லை என்றும் ஒப்புக்கொள்ளப்பட்டது. எனவே, பதிவேட்டில் ஒரு பெயர் இல்லாமை அம்மனிதன் போகவில்லை என்பதற்குச் சான்றாகாது. அவனது பெயரை எழுதுவதால் எவருக்கும் பயனில்லை என்று கருதப்பட்டது என்பதற்கே அது சான்றாகும்.

3

இலங்கையில் படைப்பதிவேடு ஒரு சமூகத்தின் குடும்ப வரலாறாகவே மாறிய உதாரணம் மலாயருடையது. ஒல்லாந்தர் ஆட்சியில் ஜாவா, மதுரா, மலுக்குத் தீவுகள் முதலிய இடங்களிலிருந்து சிப்பாய்களாகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் அடிமைகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களே இவர்தம் முன்னோர். 1796இல் கொழும்பு ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபோது மலாய்ச் சிப்பாய்களும் கைமாறினர். தேசாதிபதி பிரடெரிக் நோர்த் அவர்களைக்கொண்டு அமைத்த படை, முதலாம் இலங்கைப் படையணியாயிற்று. 1827இல் அது இலங்கை றைபிள் படையணி என்று பெயர் பெற்றது. 1873இல் கலைக்கப்படும்வரை அதன் முதுகெலும்பாக மலாயரே விளங்கினர்.

ஆங்கிலேயர் ஏன் கடல் கடந்து வந்தவர்களை நம்பியிருந்தனர் என்பது சிந்திக்கத்தக்கது. இலங்கையின் உழுகுடிகள் பெருமளவிற் படையிற் சேரவில்லை. சிறிதளவு நிலத்தோடும் உறவுமுறையோடும் பிணைக்கப்பட்டிருந்த விவசாயியை ஆயுட்காலச் சிப்பாயாக்குவது எளிதன்று. நிலத்திலிருந்து ஏற்கெனவே பிடுங்கப்பட்டவனே கூலிப்படைக்கு உகந்தவன். அக்காரணம் பற்றியே மொசாம்பிக்கிலிருந்தும் கோவாவிலிருந்தும் ஆபிரிக்கர் விலைக்கு வாங்கப்பட்டுப் படையிற் சேர்க்கப்பட்டனர். புத்தளத்தில் வாழும் காப்பிரியர் எனப்படுவோர் அவர்தம் வழித்தோன்றல்களாவர். குடியேற்ற நாட்டுப் படை என்பது தொழிற்சந்தையின் ஒரு வடிவமேயாகும்.

மலாய்ப் படைவீரனின் பாசறை வாழ்வு தனித்தன்மை வாய்ந்தது. மனைவியரும் மக்களும் அவனுடனேயே வாழ்ந்தனர். தந்தையின் படையணியிலேயே மகனும் சேர்ந்தான். ஆகவே ஆட்பட்டியல்களை அடுத்தடுத்து நோக்குவோர் அதிலே பரம்பரையைக் காணலாம். பாசறைகளிலேயே மலாய் மொழி நூல்கள் அரபெழுத்திற் படியெடுக்கப்பட்டன. பாபா யூனுஸ் சல்தீன் 1869இற் கொழும்பில் வெளியிட்ட ‘அலாமத் லங்காபுரி’ மலாய்மொழிப் பத்திரிகை வரலாற்றில் மிக முற்பட்டவற்றுள் ஒன்று. அவரே தம் முதுமையில் இயற்றிய செய்யுளொன்றிலே, மதுராத் தீவின் சுமனெப்பிலிருந்து ஒல்லாந்தர் படையில் வந்து சேர்ந்த தம் பாட்டனாரின் கதையைப் பதிந்து வைத்தார். சிப்பாயின் பேரன் தன் குடும்ப வரலாற்றைத் தானே எழுதிய இந்நிகழ்ச்சி நமது கவனத்துக்குரியது. வரலாற்றாசிரியர் பீ. ஏ. ஹுசைன்மியா 1990இல் வெளிவந்த தமது ‘ஒராங் ரெஜிமென்’ என்னும் ஆய்விலே, அரச ஆவணங்களோடு மலாய்க் குடும்பங்களின் வீடுகளிற் கிடந்த கையெழுத்துப் பிரதிகளையும் சேர்த்து வாசித்தார். பெட்டகத்துக் கையெழுத்துப் பிரதியும் அலுவலகப் பட்டியலும் ஒன்றையொன்று விளக்கின. ஒன்று தனித்து நின்றிருப்பின் அவ்வாய்வு அரைகுறையாகவே முடிந்திருக்கும்.

இதனோடு பிறிதொரு உண்மையையும் கூறியாகல் வேண்டும். மூதாதையைப் படைப்பதிவேட்டில் தேடுவோர், அங்குக் காண்பது பெருமைக்குரியதாகவே இருக்கும் என எதிர்பார்த்தலாகாது. இலங்கைப் படையணிகள் 1803இற் கண்டியில் அழிந்தன. நூர்டீன் என்னும் மலாய்க் கப்டன் கண்டியரசனிடம் பணிபுரிய மறுத்துக் கொல்லப்பட்டார். அதே வேளையில் கண்டியரசன் பக்கத்திலும் மலாயர் இருந்தனர். 1817–18இல் ஊவா, வெல்லசை எழுச்சியை ஒடுக்கியதிலும், 1848 எழுச்சியை இராணுவச் சட்டத்தின்கீழ் நசுக்கியதிலும் இலங்கைச் சிப்பாய்களுக்குப் பங்கிருந்தது. வெல்லசையின் முஸ்லிம்கள் தவளமாடுகளில் உப்பும் கருவாடும் கொண்டு கீழ்க்கரையோடு வாணிபத் தொடர்பு பூண்டிருந்தவர்கள். அவர்களுக்கெனத் தனி முகாந்திரமாக ஹாஜி மரிக்காரை ஆங்கிலேயர் நியமித்தமை 1817 எழுச்சியின் தொடக்க நிகழ்ச்சிகளுள் ஒன்றாயிற்று. அடக்கியவனும் அடக்கப்பட்டவனும் ஒரே பதிவேட்டின் இரு பக்கங்களில் இருக்கக்கூடும். தன் பாட்டன் யாருக்கு எதிராகத் துவக்குத் தூக்கினான் என்ற வினாவை எழுப்பாத குடும்ப வரலாறு, பழைய குலப்பெருமையின் புதிய பதிப்பாகவே முடியும். அவன் ஏன் தூக்க நேர்ந்தது என்ற வினாவை எழுப்பாத வரலாறோ, பசியின் பங்கை மறந்த ஒழுக்கவுரையாகவே முடியும்.

4

மலாயருக்குப் பாசறையே ஊராயிற்று. கீழ்க்கரையிலோ நிலைமை வேறு. இங்குப் படைப்பதிவேட்டைத் திறப்போன் முதலில் எதிர்கொள்வது உறவுமுறையின் சிக்கலையேயாகும்.

மட்டக்களப்புத் தேசத்தில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் குடி என்னும் அமைப்பு தாய்வழியாகச் செல்வது. ஒருவன் தன் தாயின் குடியைச் சேர்ந்தவன். அவனுடைய பிள்ளைகள் அவனது மனைவியின் குடியைச் சேர்ந்தவர்கள். வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகச் செல்ல, ஆண் மணமுடித்து மனைவியின் வீட்டிற் குடிபுகுவதே வழக்கம். நூர் யால்மனும் டெனிஸ் மெக்கில்வ்ரேயும் அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் நிகழ்த்திய மானிடவியல் ஆய்வுகள் இதனை விரிவாகப் பதிந்துள்ளன. 1962இல் எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ குடிகளின் வரிசையையும் உரிமைகளையும் கூறும் மரபுநூலாகும். சில குடிப்பெயர்கள் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக வழங்குவது இவ்விரு சமூகங்களின் உறவு எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டும்.

இக்குடிப்பெயர்களுள் ‘படையாண்ட குடி’ என்பது நமது பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. படையை ஆண்டவர்களின் வழி என்று அதன் சொற்பொருள் கூறுகிறது. எந்தப் படை, எந்தக் காலம், ஆண்டவர் யார் என்பன அப்பெயரில் இல்லை. ஆயினும், எழுத்தறியாத தாயொருத்தியும் தன் மகளுக்குக் கையளித்துச் செல்லக்கூடிய ஆவணமாக அது நிலைத்து வந்துள்ளது. இதனை இலண்டன் ஆவணத்தோடு ஒப்பிட்டு நோக்குக. அங்கே இலக்கமும் பெயரும் உயரமும் உண்டு; குடி இல்லை. இங்கே குடி உண்டு. பெயரும் ஆண்டும் இல்லை. ஒன்று அரசு தன் செலவுக்கணக்கை நினைவில் வைத்த முறை. மற்றையது மக்கள் தம் உறவை நினைவில் வைத்த முறை.

இம்முரண்பாடு தேடுவோனுக்கு நடைமுறையில் எவ்வாறு இடர் விளைக்கும் என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம். படையிற் சேர்ந்த இளைஞன் தன் பிறந்த ஊரைக் கூறியிருப்பான். திரும்பிவந்து மணமுடித்தபின் அவன் வாழ்ந்ததும், அவனுடைய வழித்தோன்றல்கள் இன்று வாழ்வதும் மனைவியின் ஊர். ஆகவே பெரியநீலாவணையிலிருக்கும் குடும்பம் ‘பெரியநீலாவணை’ என்ற ஊர்ப்பெயரைப் பதிவேட்டில் தேடுவதால் மட்டும் பயனில்லை. அவனது தாய் வாழ்ந்த ஊரை முதலில் அறிதல் வேண்டும். மேலும், அம்பாறை மாவட்டம் 1961இலேயே மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட பத்திரங்களில் மட்டக்களப்பு என்றோ கரைவாகுப்பற்று என்றோ காணப்படும் ஒருவன் இன்றைய அம்பாறைக் கரையோரத்தவனாக இருக்கலாம்.

பெயர்ச்சிக்கல் இதனினும் பெரிது. ஆங்கிலப் படிவம் குடும்பப்பெயரை முதலில் எழுதச் சொல்கிறது. நமக்கோ குடும்பப்பெயர் இல்லை. எழுதுநர் தந்தையின் பெயரையே குடும்பப்பெயராக்கினார். சிலவேளை அவனுடைய சொந்தப் பெயரையே குடும்பப்பெயராக்கினார். ஆதம்பாவா, மீராலெவ்வை, தம்பிப்பிள்ளை, கணபதிப்பிள்ளை போன்ற பெயர்கள் காதிற் பட்டவாறு எழுதப்பட்டன. ஒரே பெயர் ஐந்தாறு வகை எழுத்துக்கூட்டல்களிற் கிடக்கும். பெயருக்கு முன் நிற்கும் எழுத்து ஒவ்வொரு தலைமுறையிலும் மாறுவதால், தந்தையையும் மகனையும் ஒரே குடும்பத்தவராகப் பதிவேடு அறியாது. தேடுவோன் அகரவரிசையை நம்பாது, ஒலியை நம்புதல் வேண்டும்.

இவ்விடத்திலே பெண்வழிச் சான்றுகள் முதன்மை பெறுகின்றன. படைவீரனின் சம்பளத்தில் ஒரு பகுதி வீட்டுக்கு வந்தது. கீழ்க்கரையில் ஆணொருவனின் உழைப்பு இறுதியிற் சென்றடையும் இடம் பெரும்பாலும் பெண்ணொருத்தியின் வளவேயாகும்: தங்கையின் வீடு, மகளின் சீதனம், வாங்கிச் சேர்த்த வயற்காணி. அவன் பெயரில் எதுவும் எஞ்சாதிருக்கலாம். ஆனால் அக்காலத்தில் எழுதப்பட்ட சீதன உறுதியிலே, தந்தையென்றோ சகோதரனென்றோ அவன் கையொப்பமிட்டிருக்கக்கூடும். ஆகவே காணிப் பதிவகத்தின் உறுதிகளும், பள்ளிவாசலின் விவாகப் பதிவுகளும், கோயிற் குடிமுறைக் கணக்குகளும் படைப்பத்திரத்துக்கு இணையான மூலங்களாகும். சிப்பாயைக் கண்டறிவதற்குச் சிறந்த வழி அவனுடைய சகோதரியின் உறுதியைத் தேடுவதாக இருக்கலாம் என்பது வேறெப்பகுதியினரைக் காட்டிலும் கீழ்க்கரையாருக்கே பொருந்துவதொன்றாகும்.

5

இக்கரையோர ஊர்களின் வாய்மொழி நினைவில் ‘பட்டாளம்’ என்பது பெரும்பாலும் இரண்டாம் உலகப்போரையே சுட்டும். 1910இல் ஒழுங்கமைக்கப்பட்ட இலங்கைப் பாதுகாப்புப் படை போர்க்காலத்தில் பன்மடங்கு விரிவடைந்தது. 1942 மார்ச்சில் றங்கூன் வீழ்ந்ததோடு பர்மிய அரிசியின் வரவு நின்றது. அரிசிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. 1942 ஏப்பிரில் 9ஆந் திகதி திருகோணமலை குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. அதே நாளில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலாகிய ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. 307 பேர் மாண்டனர். 1944 ஏப்பிரிலில் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைக்கு வந்தது. ஊதியமும் உடையும் உணவும் உறுதிப்படுத்தப்பட்ட வேலை என்பது, போர்க்காலப் பஞ்சத்தில் நிலமற்ற குடும்பத்து இளைஞனுக்கு எத்தகைய ஈர்ப்பாக இருந்திருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

ஆனால் ‘பட்டாளத்தில் வேலை’ என்ற தொடர் மிகப் பரந்தது. துவக்கேந்தியவனும், சமையற்காரனும், வண்டியோட்டியும், ஒப்பந்தகாரரின் கீழ் விமானத்தளத்துக்கு மண்சுமந்தவனும் வீட்டார் நாவில் ஒரே பட்டாளத்தினராவர். முறைப்படி கையொப்பமிட்டுச் சேர்ந்தவனுக்கே சேவைப்பத்திரம் உண்டு. நாட்கூலிக்கு நின்றவனின் பெயர் ஒப்பந்தகாரரின் கணக்குப் புத்தகத்தோடு மறைந்திருக்கும். ஹேர்மிஸ் கப்பலோடு மாண்டவர் ஒவ்வொருவரது பெயரும் பிரித்தானியக் கடற்படை நினைவுச்சின்னங்களில் பொறிக்கப்பட்டுள்ளது. அதே போருக்காகக் கரையில் நின்று உழைத்த கூலியாளனுக்கு அத்தகைய கல் இல்லை. தேடலைத் தொடங்குமுன், மூதாதை எந்த வகையான வேலையிற் சென்றார் என்பதை மூத்தோரிடம் நுணுகிக் கேட்டறிதல் இன்றியமையாதது. அவர் அணிந்த உடை, வீட்டுக்குக் கொணர்ந்த பொருள், பணம் வந்த முறை, பதக்கம் உண்டா என்பன போன்ற சிறு விவரங்களே வழிகாட்டிகளாகும். பதக்கத்தின் விளிம்பிலோ, கிழிந்த விடுமுறைச் சீட்டிலோ காணப்படும் படை இலக்கம் பெயரைவிடப் பெறுமதியுடையது.

சாதாரணச் சிப்பாயின் குரல் ஆவணத்திற் பதிவாகும் அரிய சந்தர்ப்பம் ஒன்றுண்டு. அவன் கீழ்ப்படிய மறுக்கும் சந்தர்ப்பமே அது. 1942 மே 8ஆந் திகதி இரவு, கொக்கோஸ் தீவுகளில் நிலைகொண்டிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினருட் சிலர் தம் பிரித்தானிய அதிகாரிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி தோற்றது. கிரேஷன் பெர்னாண்டோ, கார்லோ கோடர், ஜி. பி. த சில்வா ஆகிய மூவரும் 1942 ஓகஸ்டில் வெலிக்கடைச் சிறையிற் தூக்கிலிடப்பட்டனர். இரண்டாம் உலகப்போரிற் படைக்கலகத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட பொதுநலவாயப் படையினர் இவர்களேயாவர். நோயல் குறூஸ் 2001இல் வெளியிட்ட நூலுக்கு இராணுவ நீதிமன்றப் பதிவுகள் ஆதாரமாயின. தினமும் கட்டளைக்கு அடங்கிநின்ற ஆயிரக்கணக்கானோர் ஒருவரி இலக்கமாகச் சுருங்க, மறுத்த சிலரின் சொற்கள் பக்கம் பக்கமாக எழுதப்பட்டன. அடங்கியவனைப் பற்றி அரசு எழுதுவது அவனுடைய செலவை. எதிர்த்தவனைப் பற்றி எழுதுவது அவனுடைய எண்ணத்தை. ஆவணத்தின் இவ்வியல்பை அறியாது, ‘எழுதப்பட்டதே நிகழ்ந்தது’ என்று கொள்வது வரலாற்றுப் பேதைமையாகும்.

அழிவும் இத்துறையின் ஒரு பகுதியேயாகும். முதலாம் உலகப்போரிற் பணியாற்றிய பிரித்தானியப் படைவீரரின் ஏறத்தாழ 65 இலட்சம் சேவைக்கோப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை 1940 செப்டெம்பரில் இலண்டன் மீது நிகழ்ந்த குண்டுவீச்சில் எரிந்துபோயின. பிந்திய காலத்துக்குரிய சுமார் 97 இலட்சம் சேவைக்கோப்புகளைப் பாதுகாப்பு அமைச்சிலிருந்து தேசிய ஆவணக்காப்பகத்துக்கு மாற்றும் பணி 2022இல் தொடங்கியது. இலங்கைப் பாதுகாப்புப் படை 1949இற் கலைக்கப்பட்டு, அவ்வாண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டத்தின் வழி புதிய இராணுவம் உருவாயிற்று. பேரரசின் படையாள் இவ்வாறு இரண்டு அரசுகளின் கணக்குகளுக்கிடையே நின்றுவிட்டான். கீழ்க்கரையிலோ, தாளினும் விரைவாக வீடே அழிந்தது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலை பெரியநீலாவணையிலிருந்து கல்முனைக்குடி வரையிலான கரையோரத்தை வாரிச்சென்றபோது, உயிர்களோடும் வீடுகளோடும் தகரப் பெட்டிகளிலிருந்த பிறப்புச் சான்றிதழ்களும் உறுதிகளும் நிழற்படங்களும் போயின. அதன் பின்னர் மூத்தோரின் வாய்மொழியே பல குடும்பங்களின் சுவடிக்கூடமாயிற்று; அச்சுவடிக்கூடமும் ஆண்டுதோறும் சிறுத்து வருகிறது.

6

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம்.

குடும்ப வரலாறு தேடுவோர் அலுவலகத்திலிருந்து தொடங்காது வீட்டிலிருந்து தொடங்குதல் வேண்டும். அதிலும் தாய்வழி மூத்த பெண்களிடமிருந்து தொடங்குதல் வேண்டும். குடி, தாயின் ஊர், மணமுடித்த ஊர், அழைப்புப் பெயர், பதிவுப் பெயர் என்பவற்றை முதலில் வரிசைப்படுத்திய பின்னரே காணிப் பதிவகம், கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களம், கியூ என்ற ஒழுங்கிலே செல்லலாம். பதிவேட்டிற் கண்டதை வீட்டுக்குத் திரும்பக் கொணர்ந்து மூத்தோருக்கு வாசித்துக்காட்டுதல் அதனினும் முக்கியமானது. உயரமும் நிறமும் தழும்பும் கூறும் ஒரு வரி, மறந்துபோன கதையொன்றை அவர் நினைவிலிருந்து எழுப்பவல்லது.

இதனை வெறும் பழமை ஆர்வமாகக் கொள்வதற்கில்லை. 1985 ஏப்பிரிலில் இக்கரையோரத்தில் வெடித்த தமிழ்–முஸ்லிம் மோதல்களும், 1990ஆம் ஆண்டின் படுகொலைகளும், பின்வந்த ஆண்டுகளின் பகைமையும் இரு சமூகத்தாரிடமும் தத்தமக்கெனத் தனித்தனி வரலாறுகளை எழுதும் வேட்கையை வளர்த்தன. யார் முதலில் வந்தோர், யார் போரிட்டுக் காத்தோர் என்ற வாதங்களுக்கு மூதாதையரின் படைச்சேவை சான்றாக இழுக்கப்படுகிறது. ஆவணங்களை நேர்மையாக வாசிப்போனுக்கு அவை அத்தகைய பெருமையை எவருக்கும் வழங்கா. ஒரே கூலிக்காக ஒரே அரசிடம் விற்கப்பட்ட உழைப்பையும், ஒரே எழுதுநரின் கையிற் சிதைந்த பெயர்களையும், இரு மதத்தார்க்கும் பொதுவான குடிகளையுமே அவை காட்டும்.

இன்னுமொன்று. இவ்வூர்களிலே, போனவர் எங்கே போனார் என்று தேடும் குடும்பங்கள் பாட்டனை மட்டும் தேடவில்லை. 1980களிலும் 1990களிலும் காணாமலாக்கப்பட்ட மகனையும் கணவனையும் தேடும் தாய்மாரும் மனைவியரும் அதே அலுவலகங்களின் அதே வாங்குகளில் அமர்ந்திருக்கின்றனர். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை நிறுவும் சட்டம் 2016இல், 14ஆம் இலக்கச் சட்டமாக, நிறைவேறியது, பட்டியல் எழுதப்படுகிறது. எண்பது ஆண்டுகளுக்கு முன் பேரரசு, தன் சம்பளத்தைப் பெற்றவனை மட்டும் எழுதி, ஏனையோரை எண்ணிக்கையாக விட்டது. இன்றைய பட்டியலிலும் எவர் பெயராக நிற்பார், எவர் எண்ணாகக் கரைவார் என்பதை அலுவலகம் மட்டுமே தீர்மானிக்க விடலாகாது. அவர்களது பெயரை, தாயின் பெயரோடும் குடியோடும் ஊரோடும் சேர்த்து, அறிந்தோர் உயிரோடிருக்கும்போதே எழுதி வைப்பது வரலாற்று மாணவனின் கடமை. எதிர்காலத்தில் ஒரு பேத்தி தன் மூதாதையைத் தேடும்போது, அவளுக்கு இலக்கம் மட்டும் கிடைக்குமா, மனிதனே கிடைப்பானா என்பது அக்கடமையை நாம் இன்று நிறைவேற்றுவதிலேயே தங்கியுள்ளது.